அலையும் அருளும்

நம் நாட்டில் வானொலிப் பெட்டி வீடுகளுக்குள் குடியேறிய நாள் தொட்டு, சமயப் பிரசங்கம் செய்கிற பெரியோர்களுக்குக் கைக்கு எளிதான உதாரணம் ஒன்று கிடைத்துவிட்டது. இறைவனுடைய அருள், ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்படும் அலைகளைப்போல எங்கும் நிறைந்திருக்கிறதென்றும், உள்ளமாகிய பெட்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பி வைத்தால் அது ஒலிக்குமென்றும், திருப்பாதவனுக்கு அது இருந்தும் இல்லாததேயாகுமென்றும் அவர்கள் எடுத்துரைக்கும்போது சபையில் தலைகள் அசைகின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால் இவ்வுதாரணத்தை நிறுத்தி வைத்துச் சோதிப்பார் இல்லை. அது விடையிறுக்க முயலும் வினாவோ மிகப் பழமையானது; மிகக் கடினமானதுங்கூட. அருள் எங்கும் உள்ளதாயின் அது எல்லோருக்கும் ஏன் அநுபவமாகவில்லை? ஏதேனும் ஒரு சாதனம் செய்தவனுக்கே அது அநுபவமாகும் என்றால், செய்ததற்குக் கிடைத்த அதனைக் கூலி என்பதா, அருள் என்பதா? இந்த வினாவின்முன் சைவரும் வைணவரும் பல நூற்றாண்டுகள் நின்று வாதிட்டிருக்கிறார்கள். வானொலி அவர்களுடைய வாதத்துக்கு எதுவரையில் துணை வருகிறது, எந்த இடத்தில் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது என்று பொறுமையோடு பார்ப்பது வீண்வேலை ஆகாதென்றே நினைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான பெருமையை விலக்கிவிட வேண்டும். சப்தம் ஆகாசத்தின் குணம் என்று வைசேஷிகர் கூறினர். வானொலியில் சப்தம் ஆகாச மார்க்கமாக வருகிறது. ஆகவே நம் முன்னோர் சொன்னதை மேனாட்டு விஞ்ஞானம் இன்று மெய்ப்பித்துவிட்டது என்பது அப்பெருமை. உண்மை என்னவென்றால், வானொலியில் சப்தம் வருவதே இல்லை. பாடகருடைய சப்தம் அவருக்கு முன்னால் உள்ள மைக்கோடு முடிந்துபோகிறது. அதற்குப் பின் ஊர்களைக் கடந்து செல்வது மின்சாரமும் காந்தமும் மாறிமாறி எழும் ஓர் அலை, ஒளிக்கு உடன்பிறப்பு, செவிக்கு முற்றிலும் அந்நியம். மாக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கணிதத்தில் அத்தகைய அலை இருந்தாக வேண்டும் என்று கண்டார். ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கார்ல்ஸ்ரூ நகரில் 1887-லும் அடுத்த ஆண்டிலும் அதனைப் பரிசோதனைச் சாலையில் எழுப்பி, சற்றுத் தொலைவில் வளைத்து வைத்த ஒரு கம்பியின் இடைவெளியில் நுண்ணிய தீப்பொறியாகக் கண்ணால் கண்டார். அதே 1887-ல் அமெரிக்காவில் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையோ, அலைகளுக்கு ஆதாரமாக வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக அக்காலத்தவர் நம்பிய ஈதர் என்ற சூக்ஷ்ம பதார்த்தத்தின் அடையாளம் எதையும் காட்டவில்லை; 1905-ல் ஐன்ஸ்டைன் அத்தகைய பதார்த்தமே தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

இந்த இடத்தில் ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கில விஞ்ஞானியின் வரலாற்றை நினையாமல் இருக்க முடியவில்லை. வாங்கும் கருவியை அனுப்பும் கருவியோடு சுருதி சேர்க்கும் முறைக்கு 1897-ல் உரிமைப் பத்திரம் கோரியவர் அவர். நாம் இன்று பெட்டியின் குமிழைத் திருகுவதற்கு அவரும் ஒரு முதற்காரணம். அவருடைய மகன் ரேமண்ட் 1915-ல் யுத்தகளத்தில் மாண்டான். அடுத்த ஆண்டே அவர் அம்மகனுடைய பெயரால் ஒரு நூல் வெளியிட்டு, இறந்தவன் இன்னும் இருக்கிறான் என்றும், ஆவேசம் வந்து பேசுவோர் வாயிலாக அவனோடு தாம் பேசியதாகவும் எழுதினார். உடலை நீத்த உயிர்க்கும் ஈதரே ஆதாரம் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஒரு தந்தையின் துயரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் ஆத்மாவின் நித்தியத்துவத்தை அவர் எந்தத் தூணில் கட்டினாரோ அந்தத் தூணை அவருடைய சகாக்களே பெயர்த்து எடுத்துவிட்டார்கள் என்பதை, ஆகாச தத்துவத்தை வானொலிக் கம்பத்தில் கட்டி வைக்க விரும்புகிற நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பது நலம். திருஷ்டாந்தம் என்பது பொருளை விளக்கும், நிலைநாட்டாது.

இனி, விளக்குவதற்கேனும் அதனைச் சரியாக அறிந்திருக்க வேண்டுமே! சென்னை வானொலி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் கோபுரத்தில் விநாடிக்கு 7,20,000 முறை மின்சாரம் மேலும் கீழுமாக ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டமும் ஓர் அலையாகக் கழன்று, விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் நாற்றிசையும் விரிகிறது. ஓர் அலையின் முடிக்கும் அடுத்த அலையின் முடிக்கும் இடையே ஏறக்குறைய 416 மீட்டர் தூரம். இதனை ஊர்தி அலை என்கிறார்கள். நிலையத்தில் ஒருவரும் வாய் திறவாத நேரத்திலும் இது ஒரே உயரத்தில், ஒரே சீராக, மௌனமாகச் சென்றுகொண்டே இருக்கும். பாடகர் விநாடிக்கு 150 அசைவுள்ள ஒரு ஸ்வரத்தை எடுத்தாரானால், அந்த ஒவ்வோர் அசைவின் காலத்திலும் 4,800 ஊர்தி அலைகள் புறப்பட்டுப் போகின்றன. அவற்றின் எண்ணிக்கை மாறுவதில்லை. உயரம் மட்டும் அந்த அசைவுக்கு ஏற்றபடி கூடியும் குறைந்தும் வருகிறது. இவ்வாறு ஏற்றி அனுப்புவதற்குப் பண்பேற்றம் என்று பெயர். பாடகருடைய மூச்சில் ஓர் அணுவேனும் சென்னையை விட்டு நகரவில்லை. நகர்ந்தது அவருடைய நாதத்தின் வடிவம் ஒன்றே. அதுவும் மிக விரைந்து நகர்கிறது: சபையில் முப்பது மீட்டருக்கு அப்பால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ரசிகருடைய காதுக்கு, காற்று அந்த ஸ்வரத்தைச் சுமந்து சேர்ப்பதற்கு விநாடியில் பதினொன்றில் ஒரு பங்கு வேண்டும், திருச்சியில் தம் வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்கு அது அதற்கு முன்பே கேட்டுவிடுகிறது.

எனவே, அலைகள் நம் அறைக்குள் நிரம்பிக் கிடக்கின்றன என்று பிரசங்கங்களில் சொல்வது முழுச் சரியன்று. கிடப்பது எதுவும் இல்லை. ஒரு கணத்து அலை அந்தக் கணத்திலேயே நம்மைக் கடந்து சுவரையும் கடந்து போய்விடுகிறது. போனதை எந்தக் குமிழாலும் திருப்பி அழைக்க இயலாது. சப்தம் நித்தியம், உச்சாரணம் அதனை வெளிப்படுத்துகிறதே ஒழியப் படைப்பதில்லை என்ற மீமாம்ஸகருக்கும், சப்தம் தோன்றி அழிவது, குளத்து அலை அலையை எழுப்புவதுபோல ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிறந்து செவியை எட்டுவது என்று வீசீதரங்க நியாயம் சொன்ன தார்க்கிகருக்கும் நடந்த பழைய வழக்கில், வானொலியைச் சாட்சிக்கு அழைத்தால் அது தார்க்கிகர் பக்கமே பேசும். இது நம் பொருளுக்கு இழுக்கு ஆகாது. பெருக்கெடுத்து ஓடுவதாகவும், அடுத்த கணம் புதிதாக வருவதாகவும் அருளைக் கருதுவது, தேங்கிக் கிடப்பதாகக் கருதுவதைவிடச் சமய அநுபவத்துக்கு நெருக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்பொழுது, உதாரணத்தின் உயிர்நிலையாகிய திருப்புதலுக்கு வருவோம். பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் பின்பலகையைக் கழற்றி, குமிழை ஒருவர் மெதுவாகத் திருக, உள்ளே நோக்கினால் ஒரு காட்சி தெரியும். அரைவட்டமாக வெட்டிய மெல்லிய அலுமினியத் தகடுகள் இரண்டு வரிசை. ஒரு வரிசை அசையாமல் நிற்க, மற்றொன்று அச்சோடு சுழன்று, முன்னதன் இடைவெளிகளுக்குள் ஒன்றன்மேலொன்று படாமல் நுழைந்தும் விலகியும் வருகிறது. கண்டென்சர் என்று கடைக்காரர் கூறுவது இதனைத்தான். அருகில் காயில் என்னும் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். இவ்வளவே, இதற்குமேல் அங்கே மர்மம் ஒன்றும் இல்லை. ஏரியலில் வந்து மோதுவது ஒரு நிலையத்தின் அலை மாத்திரம் அன்று. சென்னை, திருச்சி, கொழும்பு, இன்னும் பெயர் தெரியாத நிலையங்கள் எத்தனையோ அத்தனையும் ஒரே கம்பியில் ஒரே சமயத்தில் மோதுகின்றன. சுருள் வேகமான அசைவுகளை அதிகமாகத் தடுக்கும் இயல்புடையது. கண்டென்சரோ மெதுவான அசைவுகளை அதிகமாகத் தடுக்கும். இரண்டின் தடையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் மட்டும் இரண்டும் சரிசமமாகி ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அப்பொழுது அந்த அலைக்கு, அந்த ஒன்றுக்கு மட்டும், வழியில் எதிர்ப்பு அற்றுப்போகிறது. குமிழைத் திருகுகிறவன் தூரத்து நிலையத்தை எட்டிப் பிடிப்பதில்லை. அதனிடமிருந்து எதனையும் இழுப்பதும் இல்லை. உள்ளே இருந்த இரண்டு எதிர்ப்புகளைச் சமன்செய்கிறான், வந்துகொண்டிருந்தது வருகிறது.

இதனை முதன்முதல் சரியாக விளங்கிக்கொண்டபோது, சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று கூறுவது என் நினைவுக்கு வந்தது. அதன்பின் அந்த நினைவை விட்டு அகல முடியவில்லை. நல்வினை ஒரு பக்கமும் தீவினை ஒரு பக்கமுமாக உயிரை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நல்வினையின் பயனாகிய இன்பத்தில் விருப்பும், தீவினையின் பயனாகிய துன்பத்தில் வெறுப்பும் இருக்கும்வரையில் உயிருக்கு ஓய்வில்லை. இரண்டும் ஒப்பாகத் தோன்றி, இரண்டிலும் பற்றுக் கழலும் நிலை வரும்போது, உயிரைப் பிணித்திருக்கும் மலம் பரிபாகமடைய, இறைவனுடைய சத்தி அவ்வுயிரில் பதிகிறது. அதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். இங்கே நோக்க வேண்டியது, வினைகள் இல்லாமற்போவதைச் சித்தாந்திகள் முன்நிபந்தனையாகச் சொல்லவில்லை என்பதே. பெட்டியிலும் அப்படித்தான்: சுருளும் கண்டென்சரும் அப்புறப்படுத்தப்படவில்லை, அவை இருந்தபடியே ஒப்பாகிவிட்டன. ஒப்பான பிறகும் கம்பியின் சொந்தத் தடை என்று ஒரு மிச்சம் எப்போதும் நிற்கிறது; அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நிலையங்கள் ஒன்றோடொன்று கலவாமல் துலங்கிக் கேட்கும். ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சத்தி மட்டும் மடங்குகிறது என்று சித்தாந்திகள் வரைந்து கூறும் நுட்பத்தோடு இதனை ஒட்டிப் பார்க்க ஆசை எழுகிறது. ஆயினும் உதாரணத்தை எல்லா மூலைகளிலும் இழுத்துப் பொருத்துவது அதனைக் கிழிப்பதில் முடியும்; ஆதலால் அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை நிறுத்த முடியாது. பெட்டி தன் குமிழைத் தானே திருகிக்கொள்வதில்லை. வெளியே ஒரு கை இருக்கிறது. உயிரின் விஷயத்தில் அந்தக் கை யாருடையது? மேடையில் இவ்வுதாரணத்தைக் கூறுகிறவர்கள் இதனை எப்பொழுதும் கேட்பவனுடைய கையாகவே பாவித்து, 'நீ திருப்பு' என்று கட்டளையிட்டு முடித்துவிடுகிறார்கள். நம் ஆசாரியர்கள் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. மறைத்தற் சத்தியாகிய திரோதானமே வினைகளை ஊட்டுவித்து, உயிரைப் பக்குவம் செய்து, ஒப்பு நிலைக்குக் கொண்டுசெலுத்துகிறது என்பது சித்தாந்தம். அருளை மறைக்கும் அதே சத்திதான் அருளைப் பெறத் தகுதியும் ஆக்குகிறது. வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர், ஈசுவரனுடைய கிருபைக்கு ஹேது ஒன்றும் வேண்டுவதில்லை, சேதனனாகிய உயிர் அதனை விலக்காதிருத்தலே போதும் என்றார். அந்த விலக்காமையும் ஈசுவரனுடைய கிருஷியின், அதாவது முயற்சியின், பலனே என்பது அவர் வழிவந்தோரின் துணிபு. வேதாந்த தேசிகரோ, கிருபையை விலைகொடுத்து வாங்க முடியாதென்பதை ஒப்புக்கொண்டே, ஒரு வியாஜமேனும், அதாவது பெயரளவான ஒரு நிமித்தமேனும், சேதனன் பக்கத்தில் இல்லாவிடில் ஈசுவரனுக்குப் பக்ஷபாத தோஷம் நேருமென்று வாதித்தார். தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியென்றும், தாயைத் தான் பற்றும் குரங்குக் குட்டியென்றும் முறையே இவ்விரண்டு பக்ஷங்களுக்கும் உலகத்தார் அடையாளம் இட்டிருக்கிறார்கள்.

இவ்விரண்டு பக்ஷங்களின்முன் வானொலிப் பெட்டியை வைத்துப் பார்த்தால், குமிழைத் திருகுதல் ஒலிபரப்புக்குக் கொடுக்கும் விலையன்று. அது திருகப்பட்டதனால் நிலையம் ஒரு சொல்லும் அதிகமாகச் சொல்லவில்லை. இருந்தும் அது இல்லாமல் கேட்டல் இல்லை. தேசிகருடைய வியாஜம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளுலக நிகழ்ச்சியை நான் அறியேன். ஆனால் திருகுவதனால் உள்ளே நிகழ்வது என்னவென்று பார்த்தாலோ, எதிர்ப்பு ஓய்தல், அதாவது விலக்காமை! இரண்டு ஆசாரியர்களும் ஒரே செயலின் புறத்தையும் அகத்தையும் சொன்னார்களோ என்று எண்ணும்படி இருக்கிறது. சம்பிரதாயத்தில் ஊறியவர்கள் இவ்வளவு சுலபமாக இணங்கமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுடைய பேதம் வேறு பல பொருள்களையும் பற்றியது.

இன்னொரு சாதனத்தையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. வால்வு பெட்டிகள் பரவுமுன் பலர் தாமே கட்டிக் கேட்ட ஸ்படிகப் பெட்டியில் பாட்டரியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. ஒரு நீண்ட ஏரியல், ஒரு சுருள், ஈரமண்ணில் இறங்கும் எர்த் கம்பி, ஹெட்போன், ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற கனிமத்தில் ஒரு சிறு துண்டு. அதன்மேல் முனை படும்படி நிற்கும் ஒரு மெல்லிய கம்பி. கலீனாவை இவ்வேலைக்குப் பயன்படுத்துவதற்கு 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ். கேட்க விரும்புகிறவன், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அந்தக் கம்பி முனையை ஸ்படிகத்தின் முகத்தில் புள்ளி புள்ளியாக எடுத்து வைத்துப் பார்ப்பான். பல புள்ளிகள் ஊமை. ஏதோ ஒன்றில் திடீரென்று காதுக்குள் ஒரு குரல் பேசும். அந்தப் புள்ளி மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் விடாத இயல்புடையது. அது இல்லாவிடில் மேலும் கீழுமாக வரும் அசைவுகள் ஒன்றை மற்றொன்று அழித்துக்கொள்ள, ஹெட்போனின் தகடு விநாடிக்கு ஏழு லட்சம் முறை அசைய மாட்டாமல் சும்மா இருக்கும். ஒரு பாதியை நிறுத்திய பிறகே ஊர்தி அலை விலகி, அது சுமந்து வந்த நாத வடிவம் எஞ்சும்.

இதில் என்னை ஆட்கொண்ட செய்தி மற்றொன்று. அந்த ஹெட்போனில் தகட்டை அசைக்கிற சக்தி எங்கிருந்து வந்தது? பெட்டியில் அதற்கு ஊற்று இல்லை. அவ்வளவும், ஒலிபரப்புக் கோபுரத்தை விட்டுப் புறப்பட்டு வயல்களையும் ஏரிகளையும் கடந்து வந்த அலையின் சக்தியே. கேட்கப்படும் பொருளும் கேட்பிக்கும் சக்தியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நிர்ஹேதுக கிருபை என்று சொன்னவர்களுடைய கட்சிக்கு ஸ்படிகப் பெட்டி பிரத்தியட்சமான படம். பின்னால் வந்த வால்வு பெட்டி தன் சொந்த மின்சாரத்தைச் செலவிட்டுக் குரலைப் பெருக்கித் தெருக்கோடி வரையில் கேட்கச் செய்கிறது. அதே கணக்கில் இடி மின்னலின் கரகரப்பையும் பெருக்கிவிடுகிறது.

இருந்தும் கேளாமற்போவதற்குத் திருப்பாமை ஒன்றே காரணம் என்பதும் பூர்ணமான உண்மையன்று. இங்கேதான் பிரசங்க உதாரணம் பக்தர்களுக்கு அநீதி செய்கிறது. இரவில், வானத்தின் மேல் அடுக்குகளில் மின்னேற்றம் பெற்ற படலம் மத்திய அலைகளைத் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. பகலில் சூரியனுடைய கதிர்வீச்சால் கீழே உண்டாகும் ஒரு படலம் அவ்வலைகளை விழுங்கிவிடுவதால் அது நிகழ்வதில்லை. ஆகவே இருட்டிய பின்னர், நிலையத்துக்கு மிக அண்மையிலும் அல்லாமல் மிகத் தொலைவிலும் அல்லாமல் இருக்கும் ஓர் ஊருக்குத் தரைவழியாக ஓர் அலையும் வான்வழியாக ஓர் அலையும், இரண்டுமே அதே நிலையத்திலிருந்து, வந்து சேர்கின்றன. இரண்டின் முடிகளும் பொருந்தினால் குரல் ஓங்கும். ஒன்றின் முடியும் மற்றதன் பள்ளமும் பொருந்திவிட்டால் குரல் தேய்ந்து மறையும். பெட்டியில் குற்றமில்லை, திருப்பியதில் குற்றமில்லை, நிலையமும் வாய் மூடவில்லை, இருமடங்கு வந்தும் மௌனம்! நாயகி பாவத்தில் ஆழ்வார்களும், 'ஏன் வாராய்' என்று அழுத அடியார்களும் பட்ட விரகம் அவர்களுடைய குறையால் வந்ததென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அருள் குறைந்ததாலும் தகுதி குறைந்ததாலும் அன்றி, வருகிற விதத்தினாலேயே அது தற்காலத்துக்கு மௌனமாகக் கூடும் என்பதற்கு இயற்கையில் ஓர் இடம் இருக்கிறதென்று கண்டபோது எனக்கு உண்டான ஆறுதலை மறைக்க விரும்பவில்லை. 'உன் உள்ளத்தை நீ சரியாகத் திருப்பவில்லை' என்று துயரப்படுகிறவனிடம் சொல்லும் உபதேசகர், இதனையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், பாற்கடலில் வாழும் மீன் அந்தப் பாலை நுகராமல் வேறு இரை தேடுவதுபோல உயிர்கள் அருளுக்குள்ளே இருந்தும் அதனை அறியாமல் இருக்கின்றன என்ற கருத்தை வைத்திருக்கிறார். வானொலி உவமைக்கும் இதற்கும் ஒரு பெருத்த வித்தியாசம் உண்டு. வானொலியில் நிலையம் ஓரிடத்திலும் பெட்டி ஓரிடத்திலும் இருக்கின்றன. தூரம் கூடக்கூட அலை மெலிகிறது. நிலையத்துக்குப் பெட்டிகள் எத்தனை என்றும் தெரியாது, எவனுடைய வீட்டில் எவன் அழுதுகொண்டு கேட்கிறான் என்றும் தெரியாது. வாங்கும் ஏரியலில் மின்சாரம் எழும்போது அந்த ஏரியலும் மிக மெல்லிய அலை ஒன்றைத் திரும்ப வீசுகிறது என்பது விஞ்ஞானிகள் அறிந்த செய்தி. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் உயரமான வேறோர் இரும்புக் கோபுரம் எழுந்தால் அது திரும்ப வீசும் அலையினால் ஒலிபரப்பின் பரவலே மாறிப்போவதுமுண்டு. தொலைவில் உள்ள வீட்டு ஏரியலின் மறுமொழியோ நிலையத்தை எட்டுவதற்குள் ஒன்றுமில்லாமற் கரைந்துவிடுகிறது. எட்டினாலும் அங்கே கேட்பதற்கு ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மெய்கண்டாரோ சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில், கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து காட்டுவதோடு தானும் கூடக் காண்பதுபோல, உயிர் அறிவதற்கு இறைவன் உடனிருந்து காட்டியும் கண்டும் உதவுகிறான் என்று நிறுவுகிறார். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரைகாரர்கள் இதனை இரண்டாக வகுத்துக் கூறுவர். ஒலிபரப்பு நிலையம் செய்வதெல்லாம் முன்னதில் ஒரு சிறு கூறு. திருச்சித் திண்ணையில் இருக்கிறவரோடு கூட இருந்து, அவர் செவிக்குள் செவியாகித் தானும் கேட்பது அதற்கு இயலாது. ஆகையால் பிரசங்கம் செய்யும் பெரியோர்கள் வானொலியைச் சத்திநிபாதம் வரையில் தாராளமாக அழைத்து வரட்டும். பதினோராம் சூத்திரத்துக்கு உரை சொல்லத் தொடங்கும்போது அதனை இறக்கி வைத்துவிட்டு, மெய்கண்டார் எடுத்துக்கொண்ட கண்ணையும் உயிரையுமே எடுத்துக்கொள்ளட்டும்.